14 எழுத்துக் கடவுச்சொல் எப்படி வெளியே போனது?

#1 நடைவண்டி

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு வரியில் வேறொன்றும் இல்லை, என் பழைய கடவுச்சொல் மட்டும். உள்ளே வழக்கமான மிரட்டல்: உன் கணினிக்குள் நுழைந்துவிட்டோம், கேமராவில் படம் பிடித்துவிட்டோம், இரண்டு நாளில் பிட்காயின் அனுப்பு. மிரட்டலை நான் நம்பவில்லை. ஆனால் தலைப்பைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது உண்மை.

அது ஒன்றும் சாதாரணக் கடவுச்சொல் இல்லை. 14 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஏழெட்டு இடங்களில் அதையே போட்டிருந்தேன், அதில் இரண்டு கணக்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எப்படி உடைத்திருப்பார்கள்? கணினியில் ஏதாவது புகுந்திருக்குமா? எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்ய வேண்டுமா?

#2 கருவண்டு

"ஏழெட்டு இடங்களில் அதையே."

விடை இங்கேயே இருக்கிறதே. ஃபார்மட் எல்லாம் வேண்டாம்.

#3 சுழியம்

கருவண்டு ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடவுச்சொல்லை உங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. நீங்கள் கொடுத்து வைத்த இடத்தில் திருட்டுப் போயிருக்கிறது. அது 14 எழுத்தா 40 எழுத்தா என்பதைவிட, அந்தத் தளம் அதை எப்படி வைத்திருந்தது என்பதுதான் கேள்வி.

ராக்யூ என்று ஒரு நிறுவனம், சமூக வலைத்தளங்களுக்குச் சின்னச் சின்னச் செயலிகள் செய்தவர்கள். 2009 டிசம்பரில் அவர்களின் தரவுத்தளம் திருடுபோனபோது 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடந்தன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதை நீக்கினால் சுமார் 1 கோடியே 43 லட்சம் மிஞ்சும். இன்றைக்கும் கடவுச்சொல் உடைக்கப் பழகுகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் கோப்பு அதுதான்.

கொஞ்சம் யோசித்த தளங்கள் ஹேஷ் செய்து வைக்கும். கடவுச்சொல்லை ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்து, அரைத்ததை மட்டும் வைத்துக்கொள்வது. அதிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மறுபடி உள்ளே வரும்போது மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். திருடன் என்ன செய்வான்? கோடிக்கணக்கான சொற்களை அவனே அரைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று தேடுவான். எம்டி5, ஷா-1 போன்ற பழைய முறைகள் வேகத்துக்காகவே செய்யப்பட்டவை, அதுதான் வினை. இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் எம்டி5 போட்டுப் பார்த்துவிடும். 1999-இல் வந்த பிகிரிப்ட், 2015-இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த ஆர்கான்2 ஆகியவை வேண்டுமென்றே மெதுவானவை. பிகிரிப்ட் சரியாக அமைத்திருந்தால் அதே கார்டு நொடிக்குச் சில ஆயிரத்தில் திணறும்.

இதோடு சால்ட் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் வெவ்வேறு கிறுக்கலைக் கலந்து அரைப்பது, அப்போது இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் ஹேஷ் வேறாக வரும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்காக மாரிஸ், தாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதிவிட்ட விஷயம் இது. 33 வருடம் கழித்து, 2012-இல், லிங்க்ட்இன்னில் திருடுபோன ஹேஷ்களில் சால்ட் இல்லை. வெறும் ஷா-1. முதலில் வெளிவந்தது 65 லட்சம். 2016-இல் முழுச் சரக்கும் சந்தைக்கு வந்தபோது 11 கோடியே 70 லட்சம்.

2013-இல் ஃபோட்டோஷாப் செய்யும் அடோபி நிறுவனத்தின் கதை இன்னும் வேடிக்கை. 15 கோடிக்கு மேல் கணக்குகள். அவர்கள் ஹேஷ் செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒரே கடவுச்சொல் வைத்தவர்களுக்கெல்லாம் பூட்டிய வடிவமும் ஒன்றே. பக்கத்திலேயே பயனர்கள் எழுதி வைத்த ஞாபகக் குறிப்புகள் பச்சையாக இருந்தன. ஒருவர் "பூனை" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் "பூனை பெயர்", மூன்றாமவர் நேரே விடையையே எழுதியிருப்பார். சாவியே இல்லாமல் குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி நிரப்பிக்கொண்டே போகலாம்.

நானும் உத்தமன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தளத்துக்கு உறுப்பினர் பகுதி செய்து கொடுத்தேன். "கடவுச்சொல் மறந்துவிட்டதா" என்று அழுத்தினால் உங்கள் கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும். வாடிக்கையாளருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்படி அனுப்ப முடிகிறதென்றால் பச்சையாகவோ, திரும்பத் திறக்கும்படி பூட்டியோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தத் தளமாவது உங்களுக்கு அப்படி அனுப்பினால் அன்றோடு கணக்கை மூடிவிடுங்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் 14 எழுத்தும் நிஜமாகவே கண்டபடி போட்டதாக இருந்தால் எம்டி5 ஹேஷிலிருந்துகூட எடுப்பது மிகக் கடினம். அப்படியானால் ஒன்று அந்தத் தளம் பச்சையாக வைத்திருந்தது, இல்லையென்றால் உங்கள் 14 எழுத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெயர், வருடம், கடைசியில் ஆச்சரியக்குறி. சரியா?

#4 நடைவண்டி

சரி. பெயரில் முதல் எழுத்து பெரியது. எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

எந்தத் தளத்திலிருந்து போனது என்று கண்டுபிடிக்க முடியுமா?

#5 இரவுப்பணி

நான் இருபது வருடமாகக் கணினிப் பராமரிப்பில் இருக்கிறேன். தளத்தைக் கண்டுபிடிப்பது அப்புறம். முதலில் அந்த இரண்டு உயிருள்ள கணக்குகளையும் மாற்றுங்கள், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே.

மாற்றியாயிற்றா? இப்போது தேடலாம். இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது வந்திருக்கிறது என்று காட்டும். அங்கேயே கடவுச்சொல்லையும் சோதிக்கலாம். "கடவுச்சொல்லைக் கொண்டுபோய் இன்னொரு தளத்தில் தட்டுவதா?" என்று பதறுவீர்கள், பதற வேண்டிய இடம்தான். ஆனால் அது கட்டப்பட்ட விதம் அழகானது. உங்கள் உலாவியே அதை ஷா-1 ஆக மாற்றி, 40 எழுத்து ஹேஷில் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹேஷ்கள் எல்லாம், நூற்றுக்கணக்கில், திரும்பி வரும். பொருத்திப் பார்ப்பது உங்கள் கணினியிலேயே. எது உங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்களை யாரும் தனியாகக் குறிவைக்கவில்லை. கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் ஜோடிகளை நிரலிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அது ஆயிரம் தளங்களில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். 2023-இல் மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ அப்படித்தான் அடி வாங்கியது. பழைய கடவுச்சொல்லால் நேராகத் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள். அவற்றின் வழியாக, அந்தத் தளம் மரபணுவை வைத்துக் காட்டும் உறவினர் பட்டியலில் தெரிந்தவர்கள் 69 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணக்கை யாரும் தொடவே இல்லை. உறவுக்காரர் ஒருவர் ஒரே சாவியை எல்லாக் கதவுக்கும் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

#6 மைக்கூடு

நடைவண்டி தம்பி, நான் ஓய்வு பெற்றவள். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல். பென்சிலில் எழுதி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். என் மகன் பார்த்துச் சிரிக்கிறான். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் திருடன் என் பீரோவைத் திறக்க முடியுமா என்று கேட்டேன், பதில் இல்லை.

#7 கருவண்டு

அம்மா சொல்வது சரி. நானும் கடவுச்சொல் மேலாளரை (எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைத்து, வேண்டும்போது நிரப்பும் செயலி) நம்புகிறவன் இல்லை. எல்லாச் சாவிகளையும் ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை இன்னொருவன் வீட்டில் வைப்பதா? 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேலாளர் நிறுவனத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா?

#8 இரவுப்பணி

மறக்கவில்லை. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களை நகலெடுத்துக்கொண்டு போனார்கள். கடவுச்சொற்கள் பூட்டப்பட்டிருந்தன, ஆனால் தள முகவரிகள் பூட்டப்படவில்லை. யாருக்கு எங்கெங்கே கணக்கு என்பது திறந்த புத்தகம். பெட்டகத்தைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லை எத்தனை சுற்று அரைக்கிறார்களோ அவ்வளவு மெதுவாகத்தான் திருடன் முயல முடியும்; பழைய பயனர்களுக்கு 5,000 சுற்றுதான், சிலருக்கு அதைவிடக் குறைவு. புதியவர்களுக்கு 1,00,100. பழையவர்களை முறையாக உயர்த்தாமல் விட்டது மன்னிக்க முடியாத சோம்பேறித்தனம்.

ஆனாலும் கருவண்டு, இதைக் கவனியுங்கள். தலைமைக் கடவுச்சொல்லை நீளமாக, வேறெங்கும் போடாததாக வைத்திருந்தவர்களின் பெட்டி திருடன் கையில் இருந்தும் பூட்டியே கிடக்கிறது. ஏழெட்டு இடத்தில் ஒரே சொல் வைத்தவருக்கு அந்த ஏழெட்டு இடமும் பெட்டிதான், அதில் பாதிக்குப் பூட்டே கிடையாது. நிறுவனத்தை நம்பவில்லையா, கீபாஸ் என்ற செயலி மாதிரி உங்கள் கணினியிலேயே இருக்கும் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

நோட்டு நல்ல வழிதான், நான் சிரிக்க மாட்டேன். நோட்டுக்கு இரண்டு குறைகள். ஒன்று, கையால் தட்டச் சோம்பல் வந்து சொற்கள் சின்னதாகிவிடும். இரண்டு, போலித் தளத்தில் நோட்டு உங்களை எச்சரிக்காது. மேலாளர் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சும்மா இருக்கும். அது நிரப்ப மறுத்தால் "என்னடா இது" என்று கையால் தட்டாதீர்கள், மேலே முகவரியைப் பாருங்கள்.

#9 மைக்கூடு

முதல் குறை உண்மை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் சொற்கள் சின்னதாகத்தான் இருக்கின்றன.

#10 எழுத்தாணி

எல்லாரும் ஆங்கில எழுத்தையே பேசுகிறீர்கள். தமிழிலேயே கடவுச்சொல் வைத்தால் என்ன? எந்த ஹேக்கரின் பட்டியலில் தமிழ்ப் பழமொழி இருக்கப் போகிறது?

#11 சுழியம்

ஆசைதான், நானும் முயன்று சூடு பட்டிருக்கிறேன். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் கணினி எண் கொடுக்கும் முறை) அதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும். திரையில் கண்ணால் வித்தியாசம் தெரியாது. உள்ளே குறியீடு வேறு, ஆகவே ஹேஷும் முற்றிலும் வேறு. வீட்டுக் கணினியில் ஒரு விசைப்பலகை, கைப்பேசியில் இன்னொன்று என்றால் சரியான சொல்லைத் தட்டியும் வெளியே நிற்பீர்கள். தளம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அரைக்க வேண்டும். பல தளங்கள் செய்வதில்லை, சில தமிழ் எழுத்தையே ஏற்பதில்லை.

இன்னொரு பொறி: பிகிரிப்ட் 72 பைட்டுக்கு (கணினி எழுத்தை அளக்கும் அலகு) மேல் பார்க்காது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கொ" சாதாரணமாகவே 6. ஆக 24 குறியீட்டோடு சரி, அதற்குப் பின் நீங்கள் எவ்வளவு எழுதினாலும் பல தளங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

சிலர் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தமிழ்ச் சொல்லை நினைத்துக்கொண்டு ஆங்கில விசைப்பலகையில் தட்டுவார்கள். "அம்மா" என்று விரல் போகும், திரையில் ஏ, கே, கே, க்யூ என்று விழும். வேடிக்கையான வித்தைதான். ஆனால் அடியில் இருப்பது "அம்மா" என்பதால் பலமும் அவ்வளவுதான். தந்திரம் தெரிந்தவன் பட்டியலை முழுதும் அப்படி மாற்றிப் போட ஒரு வரி நிரல் போதும். பழமொழி, பாட்டு வரி எல்லாம் அதே கதி. உங்களுக்கு மனப்பாடம் என்றால் இன்னும் லட்சம் பேருக்கு மனப்பாடம்.

மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றிரண்டுதான் (தலைமைக் கடவுச்சொல், கணினித் திறப்பு), அவற்றுக்குப் பகடை உருட்டுங்கள். ஐந்து பகடைக்கு 7,776 சேர்க்கைகள், அத்தனை சொற்கள் கொண்ட பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரம் ஐந்து பகடையையும் உருட்டி ஆறு சொற்கள் எடுத்தால், முயல வேண்டிய வழிகள் 24 இலக்க எண்ணாகும். பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டக் கூடாது. மனிதன் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் பகடை வீண்.

#12 மழைக்காகிதம்

எங்கள் அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். என் கடவுச்சொல்லின் கடைசி எண் இப்போது 27-இல் இருக்கிறது. எத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#13 இரவுப்பணி

கிட்டத்தட்ட ஏழு வருடம் :)

அந்த மாதிரி விதிகளுக்கு வேர் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் ஆவணம். அந்தப் பகுதியை எழுதிய பில் பர், ஓய்வு பெற்றபின் 2017-இல், அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் வழிகாட்டுதலையே திருப்பிப் போட்டது: காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதே, பெரிய எழுத்து, குறி என்று கட்டாயப்படுத்தாதே, நீளமாக வைக்க விடு, கசிந்த பட்டியலில் உள்ளதா என்று பார்த்து மறு. கசிந்தது தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல். உங்கள் நிர்வாகியிடம் காட்டுங்கள். நான் எங்கள் இடத்தில் காட்டினேன். தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள் என்று 90-ஐ 60 ஆக்கினார்கள்.

#14 நடைவண்டி

இரண்டு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், நிலைமை நான் நினைத்ததைவிட மோசம்.

என் முக்கிய மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்தான், கைப்பேசிக்குக் குறியீடும் வரும். அதனால் நிம்மதியாக இருந்தேன். நேற்று அமைப்புகளைத் துழாவியபோது பார்த்தேன், அதன் மீட்பு முகவரியாக (கடவுச்சொல் மறந்தால் மீட்டமைப்பு மின்னஞ்சல் போகும் இடம்) நான் கொடுத்திருந்தது கல்லூரிக் காலத்து மின்னஞ்சல். உயிரோடு இருக்கும் இரண்டு கணக்குகளில் ஒன்று அதுதான், மாற்றும்வரை அதே 14 எழுத்து. முன்வாசலில் பெரிய பூட்டு, கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது.

அதற்குள் போனேன். எனக்கு வந்த எல்லாவற்றையும் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பும்படி யாரோ ஒரு விதி போட்டு வைத்திருந்தார்கள். தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. நீங்கள் அன்றைக்கு மாற்றச் சொன்னதும் கடவுச்சொல்லை மாற்றினேன், ஆனால் அந்த விதி அப்படியே வேலை செய்துகொண்டிருந்தது.

#15 இரவுப்பணி

நல்லவேளை பார்த்தீர்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றச் சொன்னது என் தவறு, முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். விதியை நீக்குமுன் அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு: மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் புதுக் கடவுச்சொல் தெரியாமலே உள்ளேயே இருப்பான். அனுமதி கொடுத்த வெளிச் செயலிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். முக்கியக் கணக்கின் மீட்பு முகவரியை மாற்றுங்கள். அந்த ஐந்து மாதத்தில் பழைய முகவரிக்கு வந்த "கடவுச்சொல்லை மீட்டமைக்க" மின்னஞ்சல்களைத் தேடுங்கள், குப்பைத் தொட்டியிலும். வங்கிக் கணக்கு எதுவும் அந்த முகவரியோடு கட்டியிருந்தால் வங்கியை இன்றே கூப்பிடுங்கள்.

கைப்பேசிக் குறியீடு குறுஞ்செய்தியில்தானே வருகிறது? இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சிம்மை ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். குறியீடு காட்டும் செயலிக்கு மாறுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி மைக்கூடு அம்மாவின் பீரோ மாதிரி ஓர் இடத்தில் வையுங்கள்.

#16 சுழியம்

பாஸ்கீ வசதி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவி வைத்திருக்கும் சாவி ஜோடி) இருக்கும் இடங்களில் அதையும் போட்டுவிடுங்கள். அதில் தளத்திடம் இருப்பது பொதுச் சாவி மட்டும், ரகசியச் சாவியைத் தளம் பார்ப்பதே இல்லை. நாளைக்கு அந்தத் தளம் முழுதாகத் திருடுபோனாலும் திருடனுக்குக் கிடைப்பது ஊருக்கே காட்டலாம் என்கிற சாவி. போலித் தளத்தில் அது வேலையும் செய்யாது, முகவரியோடு கட்டப்பட்டது. குறியீட்டுச் செயலியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆறு இலக்கத்தைப் போலித் தளத்தில் நீங்களே தட்டினால் அவன் உடனே அசல் தளத்தில் தட்டிவிடுவான்.

#17 கருவண்டு

நடைவண்டி, கிண்டலாகப் பேசியதற்கு வருத்தம். என் மீட்பு முகவரியைப் போய்ப் பார்த்தேன். எதையும் இங்கே சொல்லும் நிலையில் நான் இல்லை.

#18 நடைவண்டி

எல்லாம் மாற்றிவிட்டேன். மீட்டமைப்பு மின்னஞ்சல் ஒன்றும் கிடைக்கவில்லை, வங்கியிலும் எதுவும் நடக்கவில்லை என்றார்கள். கசிந்தது எங்கே என்றும் தெரிந்துவிட்டது: பன்னிரண்டு வருடம் முன்பு ஒரே ஒரு கோப்பு இறக்குவதற்காகச் சேர்ந்த ஒரு தளம். அதன் பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தக் கணக்கை அழிக்கலாம் என்று போனேன். அழிப்பதற்குப் பாதுகாப்புக் கேள்வி கேட்கிறது: உங்கள் முதல் ஆசிரியர் பெயர் என்ன? உண்மையைச் சொல்லக் கூடாது என்று எங்கோ படித்து, அந்தக் காலத்தில் கெட்டிக்காரத்தனமாக ஏதோ பொய் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று முறை தட்டிப் பார்த்தேன். 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறது.